வாடை மாதங்களில் தூண்டில்: மீன்பிடிக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. ஆனாலும் எங்கள் மீன்பிடிக் குழுவில் நவம்பர் கடைசியிலிருந்து தைப்பூசம் கழியும் வரையுள்ள நாட்களைக் குளிர்காலம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். வெப்பநிலை 23 டிகிரிக்கு இறங்கினாலே பஸ்ஸில் பாதிப் பேர் ஸ்வெட்டரோடு ஏறுகிற ஊர் இது. எங்களை யாரும் கேலி செய்ய முடியாது. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை வீசும். அதன் முதல் பாதியில் மழை அதிகம். ஜனவரி பிற்பகுதிக்கு மேல் மழை குறைந்து, காற்று மட்டும் மிஞ்சும். எங்கள் குழுவில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இதை வாடை என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குழுவில் சேர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் "மழை முடியட்டும், பிறகு வருகிறேன்" என்கிறார்கள். நான் மழையிலேயே வாருங்கள் என்பேன். மீன் நன்றாகக் கடிக்கும் இரவில் புதியவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரவர் கண் அவரவர் தூண்டில் நுனியில் இருக்கும். மழைக்குக் கூரையடியில் ஒதுங்கி, ஈரத் துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டு நிற்கும்போதுதான் யாருக்கும் வேலை இருக்காது. அப்போது கேட்டால் எல்லாம் சொல்லித் தருவார்கள். கேட்காவிட்டாலும் சொல்லித் தருவார்கள்.

ஆளைப் பிடிப்பது எப்படி?

குழுக்கள் பெரும்பாலும் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தூண்டில் சாமான் விற்கும் கடையில் விசாரிக்கலாம். வேலையிடத்தில், புளோக்கில் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மாலை தூண்டில் இல்லாமல் பிடோக் படகுத்துறைக்கோ பாசிர் ரிஸ் பூங்காவுக்கோ நடந்து போங்கள். போனதும் அடுத்தவர் வாளியை எட்டிப் பார்க்காதீர்கள். அது அடுத்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். "என்ன இரை போட்டிருக்கிறீர்கள், அண்ணே?" என்று தொடங்குங்கள். மலாய்க்காரப் பெரியவராக இருந்தால் பாக் சிக், சீனப் பெரியவராக இருந்தால் அங்கிள். மீன்பிடிக்கிறவர் இரையைப் பற்றிப் பேச மறுத்து நான் பார்த்ததில்லை. மீன் கிடைத்த இடத்தைப் பற்றித்தான் பொய் சொல்வார். இரண்டு மூன்று முறை முகம் தெரிந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் எண் சேர்ந்துவிடும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

பொழுதுபோக்காக மீன்பிடிக்க இங்கே தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது. கடலோரப் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் அனுமதித்த பகுதிகள் உண்டு. நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துள்ள இடங்கள் உண்டு. ஊரில் மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள் இருந்தாலும் மீன்பிடிக்க அனுமதியுள்ளவை அவற்றில் சில மட்டுமே. அங்கும் செயற்கை இரை மட்டும்தான். புழு, இறால், ரொட்டி எதுவும் கூடாது, அது குடிநீர். கிளம்பும் முன் அந்தந்தக் கழகத்தின் இணையப் பக்கத்தில் பட்டியலைப் பாருங்கள். பராமரிப்புக்காகத் துறைமேடையை மூடியிருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். "பக்கத்தில் நிற்கிறவரும் போடுகிறாரே" என்ற வாதம் அதிகாரியிடம் செல்லாது.

இன்னும் இரண்டு விதிகளைக் குழுவில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்போம். 2022 ஜூலை முதல் பொதுப் பூங்காக்களில் புகைபிடிக்கத் தடை. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. தூண்டிலும் பீரும் இணைபிரியாதவை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர் முதலில் இங்கேதான் ஏமாறுவார்.

புதியவருக்கு என் பரிந்துரை பிடோக் படகுத்துறை. 1966இல் ஒரு வணிகர் தம் இரும்புச் சாமான் வணிகத்துக்காகக் கட்டியது. இன்று ஊரே அங்கே தூண்டில் போடுகிறது. கடலுக்குள் நீண்டு கிடப்பதால் கரையில் நின்று வீசி எறிகிற பலம் வேண்டியதில்லை. காலடியிலேயே தூண்டில் நரம்பை இறக்கினாலும் ஆழம் கிடைக்கும். 2024 ஜூனில் பேஷோர் ரயில் நிலையம் திறந்தபின் கார் இல்லாதவர்களுக்கும் வழி எளிதாகிவிட்டது. கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வாடை பலமாக வீசும் நாட்களில் சாங்கிக் கடற்கரையில் காற்று முகத்தில் அறையும். அங்கே போட்ட நரம்பு வில்லாக வளைந்து நிற்கும், மீன் கடிக்கிறதா காற்று இழுக்கிறதா என்று தெரியாது. அந்நாட்களில் தெற்குக் கரையோரம் போவது புத்திசாலித்தனம்.

சாமான்

கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்காதீர்கள். ஏழு அடிக் கோல் ஒன்று, நடுத்தர ரீல் ஒன்று, பதினைந்து இருபது பவுண்டு தாங்கும் நரம்பு, சில ஈயக்குண்டுகள், தூண்டில் முள் ஒரு பொட்டலம். தம்பான், செலார் போன்ற சிறு மீன்களுக்குச் சபிக்கி என்னும் பல முள் சரம் ஒன்று. இரைக்குப் பேரங்காடி உறைபெட்டியில் கிடைக்கும் இறாலே போதும். முதல் மூன்று முறைக்குக் குழுவில் யாரிடமாவது கோலை இரவல் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. எல்லார் வீட்டுச் சேமிப்பறையிலும், மனைவி கண்ணில் படாமல், மூன்று நான்கு கோல்கள் சும்மா கிடக்கும்.

மழைக்காலத்துக்கென்று சில தனிப் பொருள்கள் உண்டு. குடையை விட்டுவிடுங்கள், துறைமேடைக் காற்றில் அது உங்களை மலேசியாவுக்குக் கொண்டுபோய்விடும். மேல்சட்டையும் கால்சட்டையுமாக இரண்டு துண்டாக வரும் மழைச் சட்டை, பிடிமானமுள்ள காலணி (செருப்பு கூடாது), தலைவிளக்கு, மாற்றுச் சட்டை, சூடான பானத்துக்கு ஒரு ஃபிளாஸ்க். அந்த ஃபிளாஸ்க் காப்பிக்கு மட்டுமானதன்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒரு முடிச்சைப் பழகிக்கொண்டு வாருங்கள். நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விடுங்கள். நுனியைத் திருப்பி, தாய் நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். இப்போது முள்ளின் காதை ஒட்டி ஒரு சிறு வளையம் தெரியும். நுனியை அதற்குள் நுழையுங்கள். நுழைத்ததும் பெரிய வளையம் ஒன்று உண்டாகியிருக்கும். அதற்குள்ளும் ஒரு முறை விடுங்கள். இனி இழுக்கும் முன் முடிச்சை நாக்கில் வைத்து எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசலில் சூடேறி, பார்வைக்குத் தெரியாமல் அங்கேயே பலமிழந்துவிடும். மெதுவாக இழுத்தால் சுற்றுகள் சுருள்வில்போல ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அப்படி உட்காரவில்லை என்றால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இருபது முடிச்சுப் போட்டால் கை பழகிவிடும். தூண்டிலில் இரையைச் செருகிவிட்டு விரலை நாக்கில் வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் வைத்திருக்கிறேன்.

நாளும் நேரமும்

கடலில் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறி முடிந்து நிற்கும் நேரத்திலும் வற்றி முடிந்து நிற்கும் நேரத்திலும் மீன் பொதுவாகக் கடிக்காது. தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டத்தில் இரை அடித்துக்கொண்டு வரும், அதற்குக் காத்திருக்கும் மீன் வாய் திறக்கும். அமாவாசை, பௌர்ணமியையொட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்று மீட்டர்வரை வேறுபாடு வரும். அஷ்டமி, நவமி வாக்கில் ஓட்டம் மந்தம். ஓத அட்டவணையை இணையத்தில் பார்க்கலாம்தான். ஆனால் எங்கள் குழுவில் பாதிப் பேர் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் திதியைப் பார்த்துவிட்டுத்தான் விடுப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். அஷ்டமியில் எதையும் தொடங்காதே என்று பாட்டி சொன்னது துறைமேடையில் மட்டும் சரியாகப் பலிக்கிறது. ஓட்டம் மிக வேகமாக இருந்தால் ஈயக்குண்டு தரையில் நிற்காமல் உருண்டு பக்கத்து நரம்பில் போய்ச் சிக்கும் என்பதால், புதியவருக்குப் பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாள் சென்றபின் வருவது நல்லது.

மழை பெய்தபின் தண்ணீர் கலங்கிவிடும். சிலருக்கு இது கசப்பு. கலங்கலில்தான் கொடுவாவும் காலாவும் கரையோரம் வரும் என்று சத்தியம் செய்கிறவர்களும் எங்களில் உண்டு. என் வாளி இதுவரை யார் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

மழை தொல்லை என்றால் மின்னல் ஆபத்து. கோல் பெரும்பாலும் கரிம இழையால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தும். நீண்ட மேடையில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர் இடிதாங்கிக்குச் சமம். மைஇஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை வந்தாலோ இடி கேட்டாலோ கோலைக் கிடத்திவிட்டுக் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். "இப்போதுதான் கடிக்கத் தொடங்கியது" என்று யாராவது கெஞ்சினால் அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

வீசும் முறை, சிக்கும் முறை

என் முதல் இரவை மறக்க முடியாது. திரைப்படத்தில் பார்த்ததுபோல் கோலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஓங்கி வீசினேன். காற்று வலப்பக்கமாக இழுத்துப்போய் ஆறு பேரின் நரம்புகளுக்குக் குறுக்கே என் ஈயக்குண்டை இறக்கியது. யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். ஒரு பெரியவர் தலைவிளக்கை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு நரம்பாக விரலில் கோத்து, எது யாருடையது என்று முணுமுணுத்தபடி, முக்கால் மணி நேரம் சிக்கெடுத்தார். கடைசியில் என் நரம்பை மட்டும் வெட்டி, ஈயக்குண்டை என் உள்ளங்கையில் வைத்து, "தம்பி, இது கவண் இல்லை" என்றார்.

ஆகவே ஆள் நெருக்கமுள்ள இடத்தில் தலைக்குமேல் வீசாதீர்கள். பின்னால் மிதிவண்டி போகும், குழந்தை ஓடும். இடுப்புயரத்தில் கோலைப் பிடித்து, ஈயக்குண்டை ஊஞ்சல்போல ஒருமுறை ஆட்டி, முன்னோக்கிப் போகும்போது விரலை விடுங்கள். இருபது மீட்டர் போனால் போதும். வீசும் முன் இரண்டு பக்கமும் பார்த்துக் குரல் கொடுங்கள். பக்கத்தில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் நரம்பைச் சுற்றி எடுத்து அவருக்கு வழி விடுங்கள். கையில் வலை இருந்தால் உதவுங்கள். அந்த மீன் உங்களுக்கு அந்தக் குழுவில் உறுப்பினர் அட்டை.

தொடக்கூடாத மீன்கள்

முதலில் தூண்டிலுக்கு வருவது பெரும்பாலும் நீங்கள் விரும்புகிற மீனாக இருக்காது. செம்பிலாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கெளுத்தி வகையொன்று வரும். விலாங்குபோல வழுவழுப்பாக, மீசையோடு. முதுகில் ஒன்று, செவுளோரம் இரண்டு என மூன்று நச்சு முட்கள் அதற்கு உண்டு. ஓரா மீனின் துடுப்பு முட்களும் திருக்கையின் வால் முள்ளும் அப்படியே. இவற்றைப் புதியவர் கையால் தொடவே கூடாது. குறட்டால் தூண்டில் முள்ளைப் பிடித்துக் கழற்றத் தெரியாவிட்டால் நரம்பை வெட்டிவிடுங்கள். ஒரு தூண்டில் முள் பத்துக் காசுகூடப் பெறாது.

எங்களில் ஒருவருக்கு ஒரு டிசம்பர் இரவில் கட்டைவிரலில் செம்பிலாங் குத்தியது. நல்ல திடகாத்திரமான ஆள். ஐந்து நிமிடத்தில் தரையில் உட்கார்ந்து அம்மா என்று அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் ஃபிளாஸ்க் வெளியே வந்தது. இந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். கை பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரியில், காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வைத்திருக்க வேண்டும். கொதிநீரில் வைத்துத் தோலை வேகவைத்துவிடக்கூடாது. குத்துப்படாத கையால் சூட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். முள் உடைந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் மேலேறினாலோ, மூச்சு வாங்கினாலோ நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவரும் போனார். மறுவாரம் கட்டைவிரலில் கட்டோடு துறைமேடைக்கு வந்தார்.

பேத்தை மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை: உப்பிக்கொண்டு கையில் பந்துபோல இருக்கும், பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. விட்டுவிடுங்கள்.

மீன் இல்லாத உலாக்கள்

பள்ளி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை. இந்த நாட்களில்தான் குழுவின் குடும்ப உலாக்கள் நடக்கும். அடைமழை நாட்களுக்குக் கூரையுள்ள இறால் குளங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் கட்டணம், கோலும் இரையும் அங்கேயே தருவார்கள். கோழி ஈரலையோ இதயத்தையோ நகக்கண் அளவு நறுக்கி முள்ளில் குத்த வேண்டும். மிதவை அமிழ்ந்ததும் இழுக்கிறவர் வெறும் முள்ளைத்தான் பார்ப்பார். நன்னீர் இறால் நீண்ட கொடுக்கால் இரையைப் பிடித்து, ஓரமாகத் தூக்கிப்போய், பிறகுதான் வாயில் வைக்கும். மிதவை அமிழ்ந்து பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும்வரை பொறுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பிடித்ததை அங்கேயே உப்புத் தடவிச் சுட்டுத் தின்னலாம்.

வெயில் தலைகாட்டினால் புலாவ் உபின் தீவு. சாங்கிப் படகுத்துறையிலிருந்து 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். காசு ரொக்கமாக வேண்டும். அன்றைக்குத் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தீவின் செக் ஜாவா கரையோரத்தில் நீர் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே வற்றும் நேரம் பார்த்துப் போனால், நாம் மேலிருந்து குருட்டுத்தனமாகத் தூண்டில் போடுகிற கடலின் தரை எப்படி இருக்கிறது என்பதை மரநடைபாதையில் நின்று பார்க்கலாம்.

மலேசியாவின் கிழக்குக் கரையான ரொம்பின், மெர்சிங் பக்கம் இந்த மாதங்களில் போகாதீர்கள். வாடை நேரே அடிக்கும் கடல் அது. படகுக்காரர்களே பெரும்பாலும் படகைக் கட்டிவிடுவார்கள். மேற்குப் பக்கம் குக்குப்பில் நீர்மேல் வீடுகளில் இரவு தங்கிவரும் பயணம் உண்டு. சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். விடுமுறை வாரத்தில் எல்லைப் பாலத்தில் நிற்கும் நேரத்தில் குக்குப்புக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்பது என் மனக்குறை.

சாப்பாடு, விரதம், காசு

ஆண்டிறுதியில் பூங்காவில் அடுப்பு ஒன்றைப் பதிவு செய்து கூடுவோம். டிசம்பருக்கு நன்றாக முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வரும். புதியவர் தயங்காமல் தயிர் சாதம் கொண்டுவரலாம். சொல்லப்போனால் அதுதான் முதலில் தீரும். ஏனென்றால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் தைப்பூசக் காவடிக்கு விரதமிருப்பவர்களும் இந்த மாதங்களில் குழுவில் கணிசம். சிலர் விரத நாட்களில் தூண்டிலைத் தொடுவதே இல்லை. துணைக்கு வந்து காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். சிலர் பிடித்து உடனே விட்டுவிடுவார்கள். இதில் எது சரி என்று விவாதம் தொடங்கிவிடாதீர்கள். எங்கள் குழுவில் அது ஆறு ஆண்டாக முடியவில்லை. விரதக்காரருக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. அதை மட்டும் மறக்கக்கூடாது.

சீனப் புத்தாண்டையொட்டிச் சினை நிறைந்த ஓரா மீனுக்குச் சீனக் குடும்பங்களில் தனி மதிப்பு. அந்த நாட்களில் ஒன்று மாட்டினால், குத்துப்படாமல் கழற்றித் தரச் சொல்லி, பக்கத்தில் நிற்கும் அங்கிளுக்கே கொடுத்துவிடுங்கள். மறுமுறை அவர் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்.

காசு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். படகு வாடகைக்கு, கார் பெட்ரோலுக்கு, அடுப்புக்கு என ஒவ்வொன்றுக்கும் தலைக்கு எவ்வளவு என்று புறப்படும் முன்பே கேளுங்கள். வருகிறேன் என்று சொன்ன அன்றே பேநவ்வில் அனுப்பிவிடுங்கள். மழையால் படகு ரத்தானால் முன்பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் கைப்பேசியை அணைத்து வைக்கிறவரை இரண்டாம் முறை யாரும் கூப்பிடுவதில்லை.

கிளம்பும்போது வெட்டிய நரம்புத் துண்டுகளையும் மிச்ச இரையையும் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். நரம்பு பறவைக் காலில் சுற்றினால் அதன் கதை முடிந்தது. கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில் போய்விடும் என்பதால் பதினொன்றேகாலுக்கே மூட்டை கட்டத் தொடங்குங்கள். தவறவிட்டால் டாக்சிதான். இறால் பையை மூன்று நெகிழிப் பைகளுக்குள் கட்டி, கையை எலுமிச்சைத் துண்டால் தேய்த்துக் கழுவி, உலர்ந்த சட்டையை மாற்றிக்கொண்டபின் டாக்சியைக் கூப்பிடுங்கள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக நில்லுங்கள்.